அம்மாவைப் பற்றிய பதினெட்டுப் பக்கங்கள்

3.9.07, திங்கள்

காலைலேர்ந்து புழுக்கம். இருட்டிக்கிட்டு வந்தது, மழை இல்ல. லேப்ல கூட்டம். முதுகு வலி.

மதியம் வனஜா டீச்சர் போன். யாரும் கண்டுக்காத ஜனங்களோட வாழ்க்கைய எழுதுறாங்களே, அந்தப் புத்தகம் முடிஞ்சிடுச்சாம். அஞ்சு பேர் வரலாறு. மூணாவது எங்கம்மா. பதினெட்டுப் பக்கம். வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது.

"உன் பேரும் போட்டிருக்கேன் செல்வி. முதலியார்பேட்டையில லேப் டெக்னீஷியன்னு. சந்தோஷம்தானே?"

"சரிங்க டீச்சர்"ன்னேன். அப்புறம் ரத்தம் எடுக்குறப்ப நரம்பே சிக்கல. ரெண்டு பேருக்கு மறுபடி குத்த வேண்டியதாப் போச்சு.

நாங்க இருளர்னு ஹவுஸ் ஓனரம்மாவுக்குத் தெரியாது. லேப்ல தெரியாது. பாப்பா ஸ்கூல்லயும் தெரியாது. அம்மாவை பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லி அங்கயே பாத்துட்டு அனுப்பிடுறேன். மூணு வருஷமா.

4.9, செவ்வாய்

சரியாத் தூங்கல. எங்க வீட்டுக்காரர் கு., சேதராப்பட்டு கம்பெனிக்குக் கிளம்புறப்ப ஒரே வார்த்தை: "பேரை எடுக்கச் சொல்லிடு." அவரும் பயந்தா நான் யார்கிட்ட போறது.

சாயங்காலம் சாக்கடை ஓரம் சாரைப்பாம்பு. தெருவே கூடிடுச்சு. ஓனரம்மா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட: "பாம்பு புடிக்கிற இருளருங்களக் கூப்புடலாம். ஆனா கேட்டுக்குள்ள வுடக்கூடாது. அவுங்க கண்ணு பூரா வூட்டுக்குள்ளதான் இருக்கும்."

நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

வாங்க: உப்பு, துணி சோப்பு, பாப்பாவுக்கு வெள்ளை ரிப்பன்.

5.9, புதன்

பாதி நாள் லீவு. அரியாங்குப்பம் பஸ். டீச்சர் வீடு. என் பேரை எடுத்துடுங்கன்னேன். டீச்சர் என் எதிர்லயே பென்சிலால என் பேர் இருந்த வரிய அடிச்சாங்க. "படிச்சுப் பாரு. வேற ஏதாச்சும் எடுக்கணும்னா நாளைக்குள்ள சொல்லு"ன்னு தாளுங்களக் கையில குடுத்தாங்க.

பஸ்லயே படிச்சேன். மில்லுல நெல் அவிச்சது, கொத்தடிமையா பதினோரு வருஷம். தெரியும். தவிட்டு மூட்டையத் தலையில வெச்சிகிட்டு, கடைக்குப் போறவங்க மாதிரி பட்டப்பகல்ல கேட்டைத் தாண்டி நடந்தது. அதிகாரி ஆபீஸ் வாசல்ல மூணு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்து, பதினாலு பேரை வெளிய கொண்டாந்தது. அதுவும் தெரியும்.

பதினோராவது பக்கம் தெரியாது.

எனக்கு முந்தி ஒரு தம்பி... இல்ல, அண்ணன். ஏழு மாசம். ஜுரம். ஆஸ்பத்திரிக்குப் போக விடல. உமிக்குவியல் பின்னாடி புதைச்சிட்டு, அன்னிக்கே அம்மாவை அடுப்புல நிக்க வெச்சிட்டாங்க.

முதலியார்பேட்டை ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன். திரும்பி நடந்தேன்.

6.9, வியாழன்

ஊர்ல அம்மாவோட பக்கத்து வீட்டு போனுக்கு அடிச்சு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் ஒருத்தன் இருந்தத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல. அந்தம்மா கேட்டுச்சு."

போன்ல ஆடு கத்துற சத்தம். அப்புறம் எப்படித்தான் வாய் வந்துதோ. புத்தக வெளியீட்டுக் கூட்டத்துல என்னைப் பத்திப் பேச வேணாம், நான் பின்னாடி இருப்பேன், பாத்தாலும் கூப்புடாதன்னேன்.

"சரி"ன்னாங்க. கோவமே இல்ல. அதான் பயமா இருக்கு.

23.9, ஞாயிறு

வெளியீடு. சின்ன ஹால், அம்பது பேர் இருக்கும். கடைசி வரிசை, கதவோரம் நான். லேப்புக்கு வர்ற ஒருத்தர் முன்னாடி உக்காந்திருந்தார். குடைய முகத்துக்கு நேரா புடிச்சிகிட்டேன், ஹாலுக்குள்ள!

அம்மா புதுப் புடவை. மேடை நாற்காலியோட நுனியில உக்காந்திருந்தாங்க. யாரோ கேட்டாங்க, "ஒங்களுக்கு எத்தினி புள்ளைங்கம்மா?"

அம்மா என் பக்கமே திரும்பல.

"ரெண்டு. ஆணு ஒண்ணு, மில்லுலயே செத்துப்போச்சு. பொண்ணு ஒண்ணு. அது தூரமா இருக்குது. நல்லா இருக்குது."

கை தட்டினாங்க. எந்திரிக்கணும்னு நெனச்சேன். எந்திரிக்கல. கூட்டம் கலையிற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன்.

வெளிய அம்மா தனியா பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகிட்டிருந்தாங்க. ஓடிப்போய்க் கையப் புடிச்சேன். "வூட்டுக்கு வாம்மா."

"வேணாம்டி. யாருனா பாப்பாங்க."

"பாக்கட்டும்." கைய விடல.

வெளிச்சம் இருக்கும்போதே தெரு வழியா கூட்டிட்டு வந்தேன். ஓனரம்மா கேட்டுப் பக்கத்துலதான் நின்னாங்க. "யாரு செல்வி?"

"எங்கம்மா. நாங்க இருளருங்க. அம்மாவப் பத்திப் புத்தகம் வந்திருக்கு."

ஓனரம்மா அம்மாவோட காலைப் பாத்தாங்க. செருப்பில்லாத காலை. உள்ள போயிட்டாங்க. கு. அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்துட்டு, வந்து அம்மாவுக்குப் பாய் போட்டாரு.

24.9, திங்கள்

காலையில தூறல். லேப்புக்கு லீவு சொல்லிட்டேன்.

எட்டரைக்கு ஓனரம்மா. வாசப்படிக்கு வெளியவே நின்னாங்க. தம்பி குடும்பம் ஊர்லேர்ந்து வருதாம். மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்கன்னாங்க. தன்மையாத்தான் சொன்னாங்க. நானும் சரின்னேன். உள்ள வந்ததும் ஒவ்வொண்ணா யோசிச்சேன். பாப்பா ஸ்கூல், கு. பஸ், அட்வான்ஸ், அடுத்த வீட்லயும் கேப்பாங்களே, நீங்க என்ன ஆளுங்கன்னு.

அம்மா பாப்பாவுக்குத் தலை சீவிகிட்டிருந்தாங்க. திரும்பாமயே கேட்டாங்க, "வேற வூடு பாக்கணுமா?"

"ஆமாம்மா."

"எப்ப போற?"

"மழ வுட்டதும்."

"நானும் வரேன். என்ன ஆளுன்னு கேக்கும்போது ரெண்டு பேரும் நிப்போம்."