சத்து மாத்திரை

என்னங்க,

போன்ல பேச முடியலை; ஹால்ல உங்க அம்மா உட்கார்ந்திருக்காங்க. அதான் புனேவுக்கு எழுதறேன்.

போன தடவை ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்தப்ப, "சத்து மாத்திரை, வேளை தவறாம போடு"ன்னு ஒரு அட்டை கொடுத்தீங்களே. நீங்க போனப்புறம் ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் தாங்காம தாம்பரத்துல டெஸ்ட் எடுத்தேன். இன்னிக்கு ரிசல்ட் வாங்கப் போனப்ப, அந்தக் காலி அட்டையை லேடி டாக்டர்கிட்ட காட்டினேன். யார் கொடுத்ததுன்னு கேட்டாங்க. நானே மெடிக்கல் ஷாப்ல வாங்கினேன்னு சொல்லிட்டேன்.

புருஷன்கிட்டேர்ந்து தொத்தற நோயாம்; அட்டையில இருந்தது அதுக்கான மருந்தாம். பேரை எழுத கை வரலை. ஆளாளுக்குப் பாதியில நிறுத்தி நிறுத்தி, கிருமிக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சாம். டெஸ்ட்ல அந்த மருந்துக்குக் கிருமி அசையவே இல்லையாம். இனி ஊசிதான், உங்களுக்கும் சேர்த்து. எனக்குக் கர்ப்பக்குழாய் அடைச்சிருக்கான்னு வேற பார்க்கணுமாம்.

உங்களுக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு இப்ப கேக்கலை. முதல்ல வந்து ஊசி போட்டுக்கோங்க, அப்புறம் கேக்கறேன்.

சத்து மாத்திரைன்னுதானே நினைச்சேன்? வயித்தைப் பிரட்டுச்சு, விட்டுட்டேன். மீதியை, இளைச்சுப்போயிட்டாங்களேன்னு உங்க அம்மாவுக்குக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தா பெரிய சண்டை போட்டிருப்பேன். ஆனா மாத்திரையை ஒண்ணு விடாம முழுங்கியிருப்பேன்.

உங்க வீட்டுல இருக்கறவ