மஞ்சள் வேரும் நான்கு ஸ்லைடுகளும்

இன்று காலை யாங்கோனின் பபேடான் கடைத்தெருவில் ஒரு நாட்டுமருந்துக் கடையைக் கடக்கையில் அந்தக் கசப்பு வாசனை வந்தது. புட்டி நிறைய மஞ்சள் நிற வேர். "மலேரியாவுக்கு ஆப்பிரிக்க வேர்மா. ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சது," என்றார் கடைக்காரர். நிரூபித்தவர்களில் ஒருத்தி எதிரே நிற்பது அவருக்குத் தெரியாது. நான் விலை கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

அந்த வேர் நாம் இருவரும் வேலைபார்த்த ஆய்வுக்கூடத்துக்கு மூட்டையாக வந்தபோது, அதைக் கொடுத்த ஆப்பிரிக்க வைத்தியரின் குறிப்பும் கூட வந்தது: தண்ணீரில் காய்ச்சிக் குடிக்கவும். நம் தலைவர் சயாஜி அதைச் சாராயத்தில் ஊறவைக்கச் சொன்னார். அந்தச் சாறு, தட்டில் வளர்த்த மலேரியாக் கிருமிகளை ஒழுங்காகக் கொன்றது. நீ மட்டும் தண்ணீரிலும் காய்ச்சிப் பார்த்தாய். கிருமிகள் சௌக்கியமாக இருந்தன.

"ஏண்டி, காய்ச்சல்காரன் ஸ்பிரிட்டையா குடிப்பான்?" என்று என்னிடம் தமிழில் கேட்டாய். அதையே சயாஜியிடம் பர்மியத்தில், மிகுந்த மரியாதையுடன் கேட்டாய். அறிக்கையில் ஒரே முடிவு இருந்தால் படிக்கச் சுலபம் என்றார் அவர், தண்ணீர் முடிவை எடுத்துவிட்டார். நீ கையெழுத்திட மறுத்தாய். நான் இட்டேன், பேனா நன்றாகவே எழுதியது. எனக்கு யாங்கோன் நிலைத்தது, உனக்கு எல்லையோர மருந்தகம் கிடைத்தது. குப்பைக்குப் போகவிருந்த மிச்ச வேரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாய்.

மழைக்காலத்தில் தொலைபேசியில் வந்தாய்.

"மலேரியா கார்டுல ரெண்டு கோடுடி. எனக்கேதான். மாத்திரை தீந்துபோச்சு, பாதையும் அடைச்சிட்டாங்க."

"இப்ப என்ன பண்ணுவே?"

"வேர் இருக்கு. காய்ச்சிக் குடிக்கறேன்."

"வேலை செய்யாதுன்னு நீதானே சொன்னே?"

"தட்டுலதானே பாத்தோம், ஆளுல பாக்கலியே. தினம் ஒரு ரத்த ஸ்லைடு எடுத்து வைக்கறேன். இங்க சாயம் கெடையாது, கிருமிய நீ எண்ணு. சயாஜிகிட்ட குடுத்துடாதே, அவர் ஊறப்போட்டுடுவாரு."

நான் சிரித்தேன். அதற்கப்புறம் உன் குரலைக் கேட்கவில்லை.

பாதை திறந்தபின் உன் பெட்டி வந்தது. துணியில் சுற்றிய நான்கு ஸ்லைடுகள். மூன்றில் உன் கையெழுத்து. நான்காவதில் யாரோ நர்ஸ் எழுதியிருந்தாள். சாயமேற்றி எண்ணினேன். முதல் நாளைவிட இரண்டாம் நாள் அதிகம், அதைவிட மூன்றாம் நாள். நான்காவதை எண்ணத் தேவையிருக்கவில்லை. எண்ணினேன்.

சயாஜியிடம் கொண்டுபோனேன். ஒரே ஒரு நோயாளியை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார். விஞ்ஞானப்படி அது சரிதான்.

அந்த வேரைப் பற்றி யாராவது விசாரித்தால் இப்போது அறிக்கையை அனுப்புவதில்லை. நான்கு நாட்களின் எண்களைச் சொல்கிறேன், மனப்பாடமாக. நோயாளி யார் என்று கேட்பார்கள். எங்களில் வைத்தியர் சொன்னபடியே காய்ச்சிக் குடித்த ஒரே ஆள் என்று சொல்கிறேன்.