அழுகிற இடம் மட்டும் வேண்டாமாம்

மாசி 3, செவ்வாய்

விடியவே தூறல். நேற்றுத் தோய்த்த உடுப்பு இன்னும் காயவில்லை. வீடியோவின் முதல் எடிட் ஒருமாதிரி முடிந்தது. லெப்டொப்பில் கை வைக்க முடியாத சூடு.

வகுப்பில் சேருக்கு எழுதிக் கொடுத்தது: டைரக்‌ஷன், எடிட் – சுகி (நான்). கமரா – ஜூட். நடிப்பு – டிலானி. பாட்டு – போன வருடப் பிள்ளைகள் பாடி வைத்தது, கேட்டு வாங்கியாயிற்று. கதை – குடையோடு ஒரு பெண் பாதையில் ஏறி, அந்த மிதவையில் நின்றபடி வாவியைக் கடக்கிறாள். அக்கரையில் யாரும் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

சேரின் நிபந்தனை: வெளியாட்களுக்குக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு வீடியோவை மாற்ற வேண்டும். யார் என்ன சொன்னார்கள், எதை ஏன் மாற்றினோம் என்று 13ஆம் திகதி வகுப்பின் முன்னால் விளக்க வேண்டும். பாதிப் புள்ளி அதற்கு. நல்லவை யூடியூபில் ஏறும்.

என் நிபந்தனை: நாங்கள் மூவரும் வாய் திறக்கக் கூடாது. ஜூட்டுக்கு அவன் கமராதான் தெரியும், டிலானிக்கு அவள் முகம்தான் தெரியும். வெளியாள் ஒருவர் சொன்னால் கேட்டு வைப்பது. மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் வெட்டு.

டிலானி என்னவோ கேட்க வாயெடுத்தாள். "நடிச்ச ஆள் பேசப்படா" என்றேன். சிரித்தாள். ஜூட் சிரிக்கவில்லை. கவனித்து வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் காட்டினேன். பாட்டு முடிய முன்னமே "நல்லா இருக்கு" என்றார். நம்ப முடியாது. அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது.

மாசி 5, வியாழன்

வெயில். நேற்று விடுமுறை, ஒரு வேலையும் ஓடவில்லை.

எழுதித் தரச் சொன்னால் எல்லாருக்கும் பஞ்சி, சோம்பல். அதனால் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னோம். லிங்க் போவது ஜூட்டின் போனிலிருந்து, குரல் வருவதும் அதற்கே. அவன் கேட்டுவிட்டு எனக்கு அனுப்புகிறான். இந்த ஏற்பாடு எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை. என் போனில் இடமில்லை, என்ன செய்ய.

இன்று வந்தவை:

– கல்லடிப் பாலம் ஏன் இல்லை?
– பாலத்துக்கு மேலால் ட்ரோன் விட்டிருக்கலாம்.
– பாலம். (இது வேறு ஆள்.)
– வாவியில் மீன் பாடுகிற சத்தம் சேர்க்கவும்.
– பாதையில் நின்று பிள்ளை அழுகிற இடத்தில் நெஞ்சு கனத்துப் போயிற்று.
– பாலம்.

மட்டக்களப்பானுக்குப் பாலத்தைக் காட்டாவிட்டால் படம் பார்த்த மாதிரியே இல்லை.

அழுகிற இடம் நான் எடுத்தது. என் போனில். பாதை நடு வாவிக்கு வந்திருந்தது, தூறல் தொடங்க ஜூட் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். டிலானி போனும் கையுமாகக் கம்பியோரம் அந்தப் பக்கம் பார்த்து நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினால் முகம் முழுக்கக் கண்ணீர். அரை நிமிடம்கூட இராது. நான் எடுப்பதைக் கண்டதும் துடைத்துவிட்டாள்.

ஜூட் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஆடுது. போகஸும் இல்ல." சேர் பார்த்துவிட்டுச் சொன்னது: "இதுதான் உங்கட வீடியோ. மிச்சமெல்லாம் குடை." அப்போது ஜூட்டின் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் அலைந்து கமராக்காரன் எடுத்ததெல்லாம் குடை.

மாசி 6, வெள்ளி

மப்பு வானம். தலைவலி.

இரண்டு குரல் வந்தன. முதலாவது கரடியனாற்றிலிருந்து, டிலானியின் ஊர்க்காரர் ஒருவர், பின்னால் நெல் வெட்டுகிற மெஷின் இரைச்சல்: "பாட்டு நல்லம் மனே. வட்டைக்குள்ள நிண்டுதான் பார்த்த. அந்தப் புள்ள அழுற இடத்த மட்டும் எடுத்திருங்க. மத்ததெல்லாம் நல்லம்."

இரண்டாவது புளியந்தீவில் சேர்ச் பாட்டுக்குழு அன்ரி: "அழுற இடம் மட்டும் வேணாம்கா. மத்ததெல்லாம் நல்லம்."

ஒருவர் வயலுக்குள், மற்றவர் ரவுனுக்குள். ஒருவரை ஒருவர் கண்டிருக்க மாட்டார்கள். வசனம் மட்டும் ஒன்று. அதைவிட, இரண்டு பேருமே பாலம் கேட்கவில்லை. என் சந்தேகத்துக்கு அதுவே போதும்.

டிலானியின் ஊர்க்காரர் டிலானியையே வெட்டச் சொல்வாரா? எங்கள் ஊர்ப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் காட்டு என்றுதானே எந்த ஊரும் கேட்கும். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குரல் எல்லாம் யார் போனுக்கு வருகிறது? அந்த ஷொட் யாருக்குக் கண்ணில் குத்துகிறது?

அம்மாவிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார். சில வேளை உண்மையிலேயே பேய் நிற்கும். அதற்குப் பழமொழி இல்லை.

இன்னும் ஒரு ஆள் சொன்னால் என் சட்டப்படியே வெட்ட வேண்டும்.

மாசி 8, ஞாயிறு

வெயிலும் மழையும் மாறி மாறி.

டிலானியை அவள் போர்டிங் வாசலில் கண்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. "அழுற இடத்தப் பத்தி எத்தின பேர் சொல்லிட்டாங்க?"

"ரெண்டு. நீ பயப்படாத. நான் விடமாட்டன்."

அவள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பாவம், அவ்வளவு நன்றாக நடித்துவிட்டு இந்தக் கூத்தையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூட்டின் பெயரை அவளிடம் சொல்லவில்லை. ஆதாரம் வரட்டும்.

ஆதாரத்துக்கு ஒரு பொறி வைத்திருக்கிறேன். வாழைச்சேனையில் ராணி அக்கா, ஜூட்டின் சொந்தக்காரி, தையல். டிலானி வீடியோவில் போட்ட நீலச் சட்டை அவர் தைத்தது. அவருக்கு நானே லிங்க் அனுப்பினேன். ஆனால் அதில் அழுகிற இடம் இல்லை. அந்த இடத்தில் வெறும் தண்ணீரைப் போட்டுவிட்டேன். ஜூட்டிடம் "ராணி அக்காவுக்கு அனுப்பியாச்சு" என்றதோடு சரி. டிலானிக்கும் அதையே சொன்னேன்.

மாசி 10, செவ்வாய்

காலை பத்து மணிக்கு வந்த குரல், சொல்லுக்குச் சொல்: "சுகி, ராணி அக்கா கதைக்கன். பார்த்தன். சட்ட நல்ல எடுப்பு. அந்த அழுற இடத்த மட்டும் எடுத்திருங்க, என்ன."

இல்லாத இடத்தை எடுக்கச் சொல்கிறார். பார்க்கவே இல்லை. பிடித்துவிட்டேன்.

கன்டீனில் ஜூட் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். போய் முன்னால் உட்கார்ந்தேன்.

"ராணி அக்காவுக்கு நீதானே சொல்லிக் குடுத்த?"

"என்னத்த?"

"அழுற இடத்த வெட்டச் சொல்லி. கரடியனாத்து ஆளுக்கும், அன்ரிக்கும்."

ரோல்ஸைத் தட்டில் வைத்தான். "உனக்கு விசர் புடிச்சிட்டாகா? ஆடுது எண்டு சொன்னன். இப்பயும் சொல்லுவன். உன்ட மூஞ்சிக்கு நேரதான் சொல்லுவன். ஆள் வச்சுச் சொல்ல எனக்கென்ன தேவ?"

எழும்பிப் போய்விட்டான். பாதி ரோல்ஸ் தட்டில். ஜூட் சாப்பாட்டை விட்டுப் போய் நான் கண்டதில்லை. அதுவும் நடிப்போ என்னவோ. அவன் கமராக்காரன்தான், ஆனால் யாரை நம்புவது.

மனம் ஒரு நிலையில் இல்லை.

மாசி 11, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. வாழைச்சேனை பஸ், நின்றுகொண்டே. அக்கம்பக்கம் எல்லாம் கருவாட்டுப் பெட்டி.

ராணி அக்கா மெஷினை நிறுத்தாமலே கதைத்தார். நேரே கேட்டேன்.

"ஜூட்தானே சொல்லச் சொன்ன?"

"ஜூட்டா? அவன் எங்க இஞ்சால வாறான். டிலானிதான் சொன்ன. சட்டயத் திருப்பித் தர வந்தா. நான் பாக்கவும் இல்ல மகள், பொய் சொல்லப்படா. டேட்டா இல்ல."

"டிலானியா? எதுக்கு அக்கா?"

"'நான் சொன்னா சுகி கேக்கமாட்டா, பாக்குற ஆக்கள் மூணு பேர் சொன்னாத்தான் வெட்டுவா' எண்டா. ஊர்ல ஒரு ஆளப் புடிச்சிட்டாவாம், சேர்ச்சில ஒரு ஆளாம், நான் மூணாவது." இப்போதுதான் மெஷினை நிறுத்தினார். "அவட அம்மா குவைத்தில எல்லோ. வருசம் முடிஞ்சு வாறதா இருந்த. நீங்க படம் புடிச்ச அண்டைக்குத்தான் போன் வந்ததாம், வேல வீட்டில இன்னும் ரெண்டு வருசம் நிக்கட்டாம் எண்டு. இந்தப் புள்ள 'நில்லுங்கம்மா, நான் நல்லா இருக்கன், அழல்ல' எண்டு சொல்லிட்டு வச்சிருக்கா. மறுகா அத யூடியூப்பில போட்டா அவ பாக்கமாட்டாவா? மகள்ட வீடியோ எண்டா நூறு தரம் பாப்பா."

பிளேன்ரீ தந்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

பஸ்ஸில் முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் சொல்லியிருக்கலாம்தானே, ஊரெல்லாம் போய் ஆள் பிடித்திருக்கிறாள். பாதி வழி தாண்ட முன்னமே கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. எப்படிச் சொல்வாள்? வாயெடுத்தவளைப் பேச விடாதது நான். பயப்படாதே, விடமாட்டேன் என்று வாசலில் நின்று சொன்னதும் நான்.

அவள் கையில் போன் இருந்ததைப் பார்த்தேன். நடிப்பு இல்லை என்று அப்போதே தெரியும். கேட்டால் அழுகை நின்றுவிடும் என்று கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

மாசி 12, வியாழன்

நல்ல வெயில், உடுப்பு எல்லாம் காய்ந்தது.

வெட்டிவிட்டேன். முதலில் அனுப்பிய லிங்கையும் அழித்தாயிற்று. ஓட்டையை நிரப்ப ஒன்றும் இல்லை. ஜூட்டிடம் போய் மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கமராவைத் துடைத்தான். பிறகு "பாலத்தப் போடு, சனம் கேக்குதானே" என்றான். காலையிலேயே போய் எடுத்தும் தந்தான். நன்றாகத்தான் வந்திருக்கிறது. வீடியோ செத்துவிட்டது, அது வேறு கதை.

சேர் பார்த்தார். "அந்த ஷொட் எங்க?"

"வெட்டியாச்சு சேர்."

"எத்தின பேர் வெட்டச் சொன்ன?"

"ஒரு ஆள்."

"ஒரு ஆள் சொன்னதுக்கா? நாளைக்கு இத எப்பிடி விளங்கப்படுத்தப் போறீங்க?"

தெரியாது சேர் என்றேன். புள்ளி போகும். போகட்டும்.

பின்னேரம் டிலானியின் போர்டிங். ராணி அக்காவிடம் போனது அவளுக்குத் தெரிந்திருந்தது. புதிய எடிட்டைக் காட்டினேன். கடைசி வரை பார்த்தாள். "பாலம் வடிவா இருக்கு" என்றாள். மன்னித்துக்கொள் என்றேன். பரவாயில்லை என்றாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது, அவள் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

"எனக்குப் போன் வந்தத நீ பார்த்த தானே?"

"பார்த்தன்."

கையை நீட்டினாள். என் போனைக் கொடுத்தேன். தேடி எடுத்து அழித்தாள். அழித்தவை போய்க் கிடக்கிற இடத்தையும் திறந்து அங்கேயும் அழித்தாள். லெப்டொப்பைக் கேட்டாள். கொடுத்தேன்.

"வேற எங்கயும் இருக்கா?"

"இல்ல."

சரி என்று தலையாட்டினாள். பிறகு என் முன்னாலேயே ஜூட்டுக்குப் போன் எடுத்து, அவனிடமும் அதையே கேட்டாள்.