சைகையும் கூடாது

20-1-1992
கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. வாளியில் பச்சையாகப் படிந்ததைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. எல்லாம் மேட்டில் இருக்கிற முலாம் பூசும் கம்பெனியின் வேலை. கழிவுத் தண்ணீரைக் கொல்லைப்பக்கம் குழி வெட்டி விடுகிறான். அது ஊறி ஊறி எங்கள் கிணற்றுக்கு வருகிறது. எங்களுக்கும் ஓரகத்தி பூங்காவனத்துக்கும் பொதுக் கிணறு. என் கீரை, அவள் மாடு, இரண்டு வீட்டுச் சோறு, எல்லாம் இதை நம்பித்தான்.

3-2
அரைக்கீரைப் பாத்தி பாதி கருகிவிட்டது. ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் விற்க உட்கார்ந்தபோது ஒரு அம்மா கீரைக்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என் கீரையை!

11-2
நானும் பூங்காவனமும் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தோம். எழுதியது நான், கத்தியது அவள். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பாராம்.

26-2
தலை கிர்ரென்று சுற்றியது. டாக்டர் பிரஷர் என்கிறார். கோபப்படக்கூடாதாம். கோபப்படாமல்? மாத்திரைச் சீட்டிலேயே இன்னொரு கிணறும் எழுதித் தருவாரா?

15-3
கம்பெனி ஷெட்டில் இலவச மன அமைதி வகுப்பு. செலவெல்லாம் மேனேஜர் வரதன். வீட்டுக்காரர், "போய்ட்டு வா, ஊட்ல சத்தமாவது கொறையும்" என்கிறார். பூங்காவனம்தான் சரியாகக் கேட்டாள். "கெணத்துல வெசத்த ஊத்திட்டு மூச்சு வுட சொல்லித் தரானா? நான் வர்லக்கா."
நானும் போகப் போவதில்லை.

22-3
போனேன். தலைசுற்றல் தாங்கவில்லை, அதனால்தான்.
வகுப்பு எடுக்கிற பத்மா டீச்சர் நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணை மூடச் சொன்னார், மூச்சை எண்ணச் சொன்னார். கடைசியில் எல்லோரும் உள்ளங்கையைத் தரையில் வைத்து, "பூமி நலமாக இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். எந்தத் தரையில்? கம்பெனித் தரையில். எனக்குச் சிரிப்பு வந்தது.
ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டேன். வெட்கக்கேடு.

10-4
தினமும் போகிறேன். தூக்கம் வருகிறது.

21-4
நாளைக்குப் பூமி தினமாம். அதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை ஷெட்டில் மௌன விரதம். வாய் மூடினால் போதாது, சைகையும் கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நீயாவது வாய மூடறதாவது! பத்து மணி தாண்டமாட்ட."
பார்க்கலாம்.

22-4
ஆபீசர் இன்றைக்கு வந்தார். இன்றைக்குத்தான் வரவேண்டுமா?
பூங்காவனம் ஊரில் இல்லை. சீக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு ஆவடி மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வரதன் ஆபீசரைக் கோயில் கிணற்றுக்கு அழைத்துப் போனான். அது மேட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். திரும்பி வந்து ஷெட் வாசலில் நின்று அவர்கள் பேசியதெல்லாம் உள்ளே என் காதில் விழுந்தது. ஆபீசர் நல்லவர்தான், விடாமல் கேட்டார். "மனு குடுத்த தாட்சாயிணி யாரு? அந்தக் கிணறுதானான்னு அவங்களே சொல்லட்டும்."
நைட் ஷிப்ட் முடித்து அங்கே நின்ற வீட்டுக்காரர் சொன்னார்: "அவ மௌனத்துல கீறா சார்."
வரதன் உடனே, "பாருங்க சார், ஜனங்க எவ்ளோ நிம்மதியா இருக்காங்க" என்றான்.
அது இல்லை, இது என்று ஒரு வார்த்தை. ஒரு விரலை நீட்டியிருந்தால்கூடப் போதும். நான் கண்ணைத் திறந்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போ பேசிடுவா பார் என்பது போல நின்றிருந்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.
வீம்பா? வீம்பென்றால் பரவாயில்லையே. அந்த நேரத்தில் எனக்குக் கோபமே வரல. சுத்தமா வரல. மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன் பாவி.

23-4
பூங்காவனம் கேட்டாள்: "ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?" அவ்வளவுதான். கத்தவில்லை. அவள் கத்துவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன்.

9-5
தண்ணீர் சுத்தமாக இருக்கிறதாம், புகார் முடிந்ததாகப் பதில் வந்துவிட்டது. வேறொரு மனு எழுதி பூங்காவனத்திடம் எடுத்துப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

17-5
மாடு செத்துப்போனது.

21-6
எங்கள் கிணறு இனி உதவாது என்று கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள். செலவு கம்பெனியுடையது. பத்மா டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

19-7
கம்பெனி தண்ணீர் லாரி அனுப்புகிறது, தர்மப்பிரபு. இன்று வரிசையில் பூங்காவனம் எனக்கு முன்னால் நின்றாள். ஏப்ரலிலிருந்து என்னோடு பேச்சில்லை. அவள் மௌனத்துக்கு ஆறு மணி கிடையாது. அவள் முறை வந்தபோது டிரைவர் பாதிக் குடத்திலேயே குழாயை மூடப் போனான். "இன்னாடா, உங்க ஊட்டுத் தண்ணியா? எங்க கெணத்த மூடிட்டு எனுக்கே அளந்து ஊத்துறியா?" என்று தெருவே அதிரக் கத்தினாள். அவன் பயந்து மறுபடி திறந்துவிட்டான். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது.
என் முறை வந்தது. அரைக் குடம்தான் ஊற்றினான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
சாயங்காலம் டாக்டரிடம் போனேன். பிரஷர் இறங்கிவிட்டதாம். இப்படியே இருங்கள் என்றார்.