என் தங்கையின் பின்னல்

வடக்கு லெபனான்,
தவக்காலத்தின் ஐந்தாம் வாரம்.

சிலுவையின் சகோதரி மரீனா அவர்களுக்கு, ஆண்டவரின் சமாதானம் உங்கள் மடத்தில் என்றும் தங்குவதாக.

மரியாதையாகத் தொடங்கிவிட்டேன். இனி நுஹாத் என்றுதான் கூப்பிடுவேன். இத்தனை வருடமாகியும் உன் மடத்துப் பெயர் என் வாயில் நுழையவில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் மடத்துத் தலைவி முதலில் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அம்மா நலம். முழங்கால் வலிதான் விடவில்லை. மின்சாரம் வருகிற நேரத்தைவிடப் போகிற நேரம்தான் அதிகம். ஆப்பிள் மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. இனியொரு பனி விழாமல் இருந்தால் பிழைத்தோம்.

எழுத வந்த விஷயம் வேறு. நம் மரோனைட் சபையில் தவக்காலம் தொடங்கும் சாம்பல் திங்களுக்கு முன்னால் அம்மாவை உன்னிடம் கூட்டி வந்தேனே, அன்று கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னாய்? "கைய இறுக்கி மூடிக்கிட்டா ஆண்டவர் அதுல எதைம்மா வைப்பாரு?" என்றாய். நன்றாகத்தான் சொன்னாய். மணி அடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாய். அந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

மறுநாளே அம்மா கையைத் திறந்துவிட்டாள். முதலில் பித்தளைக் காப்பிப் பாத்திரங்கள் போயின. பிறகு குளிர்காலக் கம்பளம். பிறகு நான் ஊறப்போட்ட ஆலிவ் காய் ஜாடிகள், ஊறியும் ஊறாமலும். ஏழைகளின் சமையல் கூடத்துக்காக எல்லாவற்றையும் சேர்த்து விற்பவள் நம் சாமியாரின் மனைவி வதாத். மரோனைட் சாமியார்கள் குடும்பஸ்தர்களாக இருப்பதில் அது ஒரு வசதி. அவர் பிரசங்கம் பண்ணுவார், இவள் மூட்டை கட்டுவாள்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பினால், என் கல்யாணப் பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. சின்ன வயதிலிருந்து கண் வலிக்க வலிக்க நான் பூத்தையல் போட்ட விரிப்புகள், தலையணை உறைகள், ஒன்றும் இல்லை. கேட்டால் அம்மா, "உனக்கு இனிமே எதுக்குடி அது? மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறானா?" என்கிறாள். எனக்கு நிச்சயமான நசீப் கனடாவுக்குப் போனவன் போனவனாகவே இருப்பதற்கு நானா பொறுப்பு? வதாத் வேறு என்னை வழியில் நிறுத்தி, "உங்கம்மாவுக்கு என்னா தாராள மனசு, ஒதெத்!" என்றாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஆமாம், பொறாமைதான். உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது? நீ எல்லாவற்றையும் விட்டுப் போனாய், ஊரே உன்னைக் கொண்டாடுகிறது. நான் எதையும் விடாமல் இங்கேயே இருந்து அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்க்கிறேன், அதை யாரும் துறவறத்தில் சேர்ப்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் அவள், "என் உசிரே, என்னைய மண்ணுல வைக்க நீ இருக்கணும்டி" என்று கொஞ்சுகிறாள். மடத்து வாசற்படி தாண்டக்கூடாத நீ எப்படி மண்ணில் வைப்பாய்? கொஞ்சல் உனக்கு, மண்வெட்டி எனக்கு.

இவ்வளவையும் கொடுத்தவள் ஒன்றை மட்டும் தொடவில்லை. நீ மடத்துக்குப் போன அன்றே வெட்டிக் கொடுத்தார்களே, உன் பின்னல். அது வெள்ளைத் துணியில் சுற்றி அவள் அலமாரியில் அப்படியே இருந்தது. போன சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் குடுத்துட்டே, அதையும் குடேன். பெய்ரூட்டுல டோப்பா செய்யறவங்க இந்த மாதிரி முடிக்கு நல்ல விலை தருவாங்களாம்" என்றேன். முகத்தைப் பக்தியாகத்தான் வைத்துக்கொண்டேன். உண்மையில் அந்த அலமாரியில் நீ இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"அது அவ முடிடி" என்றாள் அம்மா. "போனது என் கைவேலைம்மா. என்னுதுன்னு ஒரு துண்டுத் துணியாவது எடுத்து வைச்சியா?" என்று கேட்டேன். "நீதான் இங்கயே இருக்கியே, உன்னுதுன்னு எதை எடுத்து வைக்கிறது?" என்றாள். அது பாசமா அலுப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று முஜத்தரா வைத்திருந்தேன், பருப்பும் சோறும் தட்டிலேயே காய்ந்தன. மறுநாள் காலை அந்தப் பொட்டலம் என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. "நீயே கொண்டு போய்ப் போட்ரு. என் கையால முடியாது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் கோவிலுக்கு நடந்தேன். காணிக்கைப் பெட்டிக்கு முன்னால் நின்று, விலை போகுமா பார்ப்போம் என்று துணியைப் பிரித்தேன். பின்னலின் நுனியில் நீல நாடா, இரட்டை முடிச்சு. நுஹாத், அது நான் போட்ட முடிச்சு. நீ போன அன்று காலையில், தலையை ஆட்டாதேடி என்று உன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, இழுத்து இழுத்துப் பின்னி விட்டது நான்தானே? அம்மா இத்தனை காலம் பூட்டி வைத்திருந்ததில் என் கையும் இருந்திருக்கிறது. அவளுக்கும் அது தெரியாது.

நசீப் வீட்டார் நிச்சயத்துக்குப் போட்ட தங்க வளையலைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். மெலிந்துபோன கை, சிரமமில்லாமல் வந்துவிட்டது. வலிக்கவும் இல்லை. பொருளை விடுவது பெரிய தவம் என்கிறீர்களே, இதையா? பின்னலைத் திரும்பக் கட்டி என் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னலைக் கொடுத்தாயிற்று என்று அம்மா நம்புகிறாள். மனசு லேசாகிவிட்டதாம். நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று தைலம் தேய்க்கும்போது என் தலையைத் தடவி, "நீயும் நரைச்சுட்டியேடி" என்றாள். இப்போது நீ என் அலமாரியில் இருக்கிறாய். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். நீ எதையும் சொல்லி அதைக் கெடுத்துவிடாதே.

உன் சுகத்துக்கு மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். கல் தரையில் வெறுங்காலோடு நிற்காதே. எனக்காகவும் செபம் பண்ணு, ஆனால் கையைத் திறக்கும் வரத்தை மட்டும் எனக்காகக் கேட்டுவிடாதே. நீ கேட்டால் அவர் கொடுத்துவிடுவார்.

உன் அக்காள்,
ஒதெத்