சுண்டலைக் காரில் கொண்டுபோகும் முறை

கல்யாணி,

கார் ஓடும்போது சுண்டல் சும்மா இருக்கிறது. சிக்னலில் நின்றால்தான் மியாவ் மியாவ் என்று கத்துகிறது. ஏனென்று பிடிபடவில்லை. கேளம்பாக்கம் வரை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

திருநெல்வேலி போகப் பத்து மணி நேரம். கிளம்ப நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடு, வாந்தி எடுக்காது. கூடையைப் பின்சீட்டின் கீழே தரையில் வை, அங்கேதான் ஆட்டம் குறைவு.

“நீ போறதுன்னா பூனையையும் தூக்கிட்டுப் போ” என்று நான் கத்தியிருக்கக் கூடாது. “சரிங்க, அதாச்சும் என்கூடப் பேசும்” என்றாய்.

ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். சாவியை எதிர்வீட்டு ஸ்வாதியிடம் கொடு.

சாரதி

பி.கு: மனம் கேட்காமல் இன்னொரு முறை ஓட்டினேன். நேற்றுப் போட்ட என் சட்டையைக் கூடைக்குள் விரித்தேன். நாலு சிக்னலிலும் கத்தவில்லை. சட்டையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோ.