விரதம் இல்லை இது

ஆடி 26, வெள்ளி இரவு

இன்று மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தாள். ஆடி முழுக்க நான் விரதம் இருப்பதாகத் தெருவே நம்புகிறது. நான்தான் அப்படிச் சொன்னேன். சாப்பிடாமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லை.

தூக்கோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாடி, கரைஞ்சிக்கினே போற? ஆத்தா உன்கிட்டயே வந்துட்டாளா?" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற அத்தையும் விடவில்லை. "பொண்ணு பாக்க வந்து குண்டுன்னு சொல்லிட்டுப் போனாங்களே, அவுங்க இப்ப வந்து பாக்கணும்." அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. எனக்குக் கண்ணாடியில் இன்னும் அந்தக் குண்டுப் பெண்தான் தெரிகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "அம்மா, இது விரதம் இல்லம்மா. என்னால சாப்பிட முடியல."

அம்மா என் தலையைத் தடவினாள். "ஆத்தா தாங்குறாடி. அப்படித்தான் இருக்கும். புரட்டாசி சனிக்கிழமையும் இருந்துடு, தையில கல்யாணம் கூடிடும்."

நான் படித்த புத்தகங்களில் இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த பெயர் விரதம் ஒன்றுதான். எத்தனை முறை கழுவியும் கையில் கூழ் வாசனை போகவில்லை.

பசிக்கிறது.